கல்லையும் கழியையும் பிணைத்த கீல்

அருங்காட்சியகத்திற்குச் செல்வோர் பழங்காலப் பொருள்களைக் கண்ணாடிப் பேழைகளுக்குள் கண்டு வியந்து திரும்புகின்றனர். ஒரு பேழையில் கல்லால் ஆகிய அம்புமுனை இருக்கின்றது. மற்றொன்றில் இரும்புக் கோடரி இருக்கின்றது. வேறொன்றில் கழுத்து நீண்ட மட்குடத்தின் உடைந்த பகுதி இருக்கின்றது. கல்லைக் கண்டோம், இரும்பைக் கண்டோம், மண்ணைக் கண்டோம். ஆயின், அந்தக் கல்லை அம்புக் கழியோடு சேர்த்து நிறுத்தியது எது? நுண்துளைகள் நிறைந்த அந்த மட்குடத்திலிருந்து மது கசிந்து போகாமல் காத்தது எது? இவ்வினாக்களை எழுப்புவோர் மிகச் சிலரே. பொருள்களைப் பிணைத்தும் அடைத்தும் நின்ற ஒட்டுப்பொருள் பெரும்பாலும் மக்கி மறைந்துவிட்டது. மறையாது எஞ்சியதும் அழுக்கென்று கருதப்பெற்றுக் கழுவப்பட்டது. அவ்வாறு மறைந்தும் மறையாதும் நிற்கும் பொருள்களுள் தலைமையானது மரத்தார். அதன் வரலாற்றைக் கருநாடகத்தில் வாழும் நாம் இங்கிருந்தே தொடங்கிக் காண இயலும்.

முதற்கண் சொல்லைத் தெளிவு செய்துகொள்வோம். அரசாங்க ஆவணங்களைத் தமிழாக்கும் பணியில் இருக்கும் நமக்குத் 'தார்' என்னும் சொல் எப்பொழுதும் சற்றுத் தொல்லை தருவது. பழந்தமிழில் தார் என்றால் மன்னன் மார்பில் அணியும் மாலை. வீட்டுக் கொல்லையிலோ அது வாழைத்தார். சாலையில் உருக்கி ஊற்றும் கரிய பொருளையும் தார் என்கிறோம். அதிலும் மூவகை உண்டு. பூமிக்குள் இயற்கையாகத் தோன்றுவதும், இன்று கல்லெண்ணெயைச் சுத்திகரிக்கும்போது எஞ்சுவதும் நிலக்கீல். நிலக்கரியைக் காற்றுப்புகாமல் சுடும்போது வடிவது நிலக்கரித் தார். மரத்தையோ மரப்பட்டையையோ அவ்வாறே சுடும்போது வடிவது மரத்தார். இம்மூன்றும் தோற்றத்தில் ஒன்றுபோல் இருப்பினும் பிறப்பால் வேறு. 'கீல்' என்பது இவ்வகைக் கரும்பசைக்குத் தமிழில் நெடுங்காலமாக வழங்கிவரும் சொல். விவிலியத்தைத் தமிழில் பெயர்த்தோர் நோவாவின் பேழைக்குப் பூசிய பொருளைக் குறிக்க இச்சொல்லையே ஆண்டனர்.

மரத்தார் தானே ஒழுகும் பிசின் அன்று. பிசினை மரம் தருகிறது; தாரை மனிதன் ஆக்குகிறான். மரத்தை வெளியில் வைத்துக் கொளுத்தினால் சாம்பலே மிஞ்சும். காற்றை அடைத்து வெப்பத்தை மட்டும் ஊட்டினால், மரம் எரியாமல் சிதைந்து, முதலில் நீர்போன்ற திரவத்தையும், பின்னர்க் கரிய குழம்பையும் வெளியிட்டு, இறுதியில் கரியாகி நிற்கும். முதல் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமானிய அறிஞர் பிளினி, பைன் மரத்தைத் துண்டுகளாக்கிச் சூளையில் இட்டு, வெளியே தீ மூட்டித் தார் வடிக்கும் முறையைத் தம் இயற்கை வரலாற்று நூலில் விரித்து எழுதியுள்ளார்.

இம்முறை நமக்கு அயலானதன்று. சித்த மருத்துவத்தில் குழித்தைலம் என்னும் ஒரு முறை உண்டு. நிலத்தில் குழி தோண்டி, அதில் ஒரு கலத்தைப் புதைத்து, அடியில் துளையிட்ட மற்றொரு கலத்தில் மருந்துச் சரக்கை அடைத்து, வாயைச் சீலைமண்ணால் மூடி, அதனை முதற்கலத்தின் மேல் அமைத்துச் சுற்றிலும் எருமுட்டையிட்டுக் கொளுத்துவர். சரக்கிலிருந்து வடியும் தைலம் துளைவழியே கீழ்க்கலத்தில் சேரும். தேங்காய்ச் சிரட்டையிலிருந்து எடுக்கும் கரிய தைலத்தைப் படர்தாமரைக்குப் பூசிய வழக்கத்தை நம்மவர் பலர் அறிவர். அச்சிரட்டைத் தைலமும் மரத்தாரின் நெருங்கிய உறவே. ஐரோப்பாவில் பழந்தார் செய்முறையை ஆராய்வோர் சோதனைக்காக அமைக்கும் ஈரடுக்குக் கலமும் நம் வைத்தியரின் குழிக்கலமும் ஒரே தத்துவத்தில் இயங்குகின்றன.

இக்கலை எவ்வளவு பழமையானது? இத்தாலி நாட்டின் ஆர்னோ ஆற்றுப் பள்ளத்தாக்கில் உள்ள காம்பித்தெல்லோ என்னும் இடத்தில் பிர்ச்சு மரப்பட்டைத் தார் ஒட்டிய கற்சில்லுகள் கிடைத்தன. அவற்றின் வயது ஏறத்தாழ 2,00,000 ஆண்டுகள். அவற்றைச் செய்தோர் நம் இனத்தவர் அல்லர், நியாண்டர்தால் மனிதர். செருமனியின் கேனிக்சாவே என்னும் இடத்தில் 1963-ஆம் ஆண்டு கிடைத்த இரு தார்த் துண்டுகள் 40,000 ஆண்டுகளுக்கு முற்பட்டவை. அவற்றுள் ஒன்றில் கல்லின் தழும்பும் மரத்தின் தழும்பும் மட்டுமன்றி, பிசைந்தவரின் விரல்ரேகையும் பதிந்திருக்கின்றது. அம்மனிதர் தாரை எவ்வாறு வடித்தார் என்பது பற்றி அறிஞரிடையே வாதம் நிகழ்ந்தது. பட்டையைக் கல்லின் அருகே எரித்து, கல்லில் படியும் தாரைச் சுரண்டி எடுத்தாலே போதும் என்று 2019-இல் ஒரு சோதனை காட்டியது. கேனிக்சாவேத் துண்டுகளின் வேதியியல் கூறுகளை ஆராய்ந்த 2023-ஆம் ஆண்டு ஆய்வோ, அவை காற்று அருகிய நிலத்தடிச் சூளையில் வடிக்கப்பெற்றவை என்று முடிவு கூறிற்று. அங்ஙனமாயின், குழிக்குள் சுட்டு வடிக்கும் நுட்பத்தை நியாண்டர்தால் மனிதரே கண்டறிந்திருந்தனர் என்பது பெறப்படும்.

1991-ஆம் ஆண்டு ஆல்ப்சு மலைப் பனியில் உறைந்த நிலையில் ஒரு மனிதனின் உடல் வெளிப்பட்டது. அவன் 5,300 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவன். பனி அனைத்தையும் காத்து வைத்திருந்தமையால், அவனுடைய செப்புக் கோடரியின் அலகு மரப்பிடியில் தாராலும் தோல்வாராலும் பிணைக்கப்பட்டிருந்ததையும், அம்புமுனைகள் தாரால் பொருத்தப்பட்டிருந்ததையும் கண்ணாரக் காண முடிந்தது. தென்மார்க்கு நாட்டில் கிடைத்த மற்றொரு சிறு தார் உருண்டை இன்னும் வியப்பூட்டுவது. 5,700 ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண் அதனை வாயிலிட்டு மென்று துப்பியிருக்கிறாள். இறுகிய தாரை மென்றால் அது இளகும். அந்த உருண்டையில் எஞ்சியிருந்த எச்சிலைக்கொண்டு அவளுடைய மரபணுத் தொகுதி முழுவதையும் 2019-இல் படித்தறிந்தனர். அவள் கருநிறத்தவள், நீலக் கண்ணினள் என்பதும், வாத்தும் அங்குள்ள ஒருவகைக் கொட்டையும் உண்டிருந்தாள் என்பதும் தெரிய வந்தன. எலும்பு ஒன்றேனும் கிடைக்காத ஒருத்தியை ஒட்டுப்பொருள் நமக்குக் காட்டிற்று.

பிர்ச்சு மரம் நமக்குப் புதிதன்று. இமயமலையில் வளரும் அதன் ஓரினமே பூர்ஜமரம். அதன் பட்டையை வடநாட்டார் ஏடாகக்கொண்டு நூல்கள் எழுதினர். ஐரோப்பாவில் ஆயுதம் பிணைக்கப் பயன்பட்ட பட்டை, இங்கு அறிவைச் சுமக்கப் பயன்பட்டது.

இனிப் பெங்களூருக்கு வருவோம். நகரின் வடமேற்கே உள்ள ஜாலஹள்ளியை அறியாதார் இல்லை. 1954-இல் நிறுவப்பெற்ற பாரத் மின்னணு நிறுவனம் அமைந்த பகுதி அது. தமிழ்க் குடும்பங்கள் பல தொழில் நாடி வந்து குடியேறிய இடம். தொழிற்சாலைகள் எழும் முன்னரே அந்நிலம் மற்றொரு தொழிலின் சுவடுகளை வெளிப்படுத்திற்று. அங்கே வெங்கச்சங்கல்லால் செய்த நுண்கற்கருவிகள் கிடைத்தன. அவற்றைப் பற்றி டாட் என்னும் ஆய்வாளர் 1948-ஆம் ஆண்டு 'மேன்' என்னும் மானிடவியல் இதழில் எழுதினார். நுண்கற்கருவி என்பது விரற்கடை நீளமேயுள்ள சிறு சில்லு. சில பிறைவடிவின, சில முனை கூரியன, சில ஓரம் மழுங்கத் தட்டப்பெற்றவை.

இத்துணைச் சிறிய கல்லைக் கையிற் பிடித்து எதனை அறுப்பது? எதனை எய்வது? தனித்து நின்றால் அது பயன்படாது. கழியில் காடி வெட்டி, அதில் இத்தகைய சில்லுகளை வரிசையாகப் பதித்து, ஒட்டுப்பொருளால் இறுக்கினால்தான் அது அம்பாகும், ஈட்டியாகும், அரிவாளாகும். ஒரு சில்லு உடைந்தால் ஒட்டை இளக்கி அதனை மட்டும் மாற்றலாம்; கருவி முழுவதையும் எறிய வேண்டுவதில்லை. ஆகவே நுண்கற்கருவி கிடைக்கும் இடமெல்லாம் பிணைக்கும் அறிவு இருந்தது என்று கொள்ளுதல் தகும். ஆந்திரத்தின் ஜ்வாலாபுரத்தில் ஏறத்தாழ 35,000 ஆண்டுகளுக்கு முன்னும், இலங்கையின் பாஹியன் குகையில் அதனினும் முன்னும் மக்கள் இத்தகைய கருவிகளைச் செய்தனர். திருநெல்வேலிச் சீமையின் செம்மணல் தேரிகளிலும் அவை கிடைத்துள்ளன. ஆல்ப்சு மலைப் பனி காத்ததை நம் வெயிலும் மழையும் கரையானும் காப்பதில்லை. இங்கே கல் நிற்கின்றது. கழியும் ஒட்டும் மண்ணாகின்றன.

நம் நாடு ஒட்டுப்பொருள்களுக்கு வறுமையுற்ற நாடன்று. மொகஞ்சதாரோவின் பெருங்குளம் ஏறத்தாழ 12 மீட்டர் நீளமும் 7 மீட்டர் அகலமும் உடையது. அதன் சுவருக்குள் ஏறத்தாழ ஓர் அங்குலக் கனத்தில் நிலக்கீல் பூசி நீர்க்கசிவைத் தடுத்திருந்தனர். அக்காலத்துக் கடற்கலங்களும் கீல் பூசப்பெற்றவையே. ஓமான் கடற்கரையில் உள்ள ராஸ் அல் ஜின்சு என்னும் இடத்தில், ஒருபுறம் நாணலும் கயிறும் அழுந்திய தடமும், மறுபுறம் கலத்தின் அடியைப் பற்றி வளரும் கொட்டலசும் கொண்ட நிலக்கீல் துண்டுகள் கிடைத்தன. கலம் அழிந்தது, கலத்திற்குப் பூசிய பூச்சு நின்றது.

தென்னாட்டில் நிலக்கீல் ஊற்றுக்கள் இல்லை. பைன் காடுகளும் இல்லை. அதற்கு ஈடாகக் காடு தந்தவை குங்கிலியமும் அரக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையின் வெள்ளைக் குங்கிலிய மரத்தின் பிசினை எண்ணெயில் இட்டுக் காய்ச்சிப் படகின் பலகை இடுக்குகளில் அடைப்பது வழக்கம். அவ்வேலையைக் கலப்பத்து என்பர். அரக்கு பூச்சியினம் கிளைகளில் சுரப்பது. பாண்டவர்க்குச் சமைத்த அரக்கு மாளிகைக் கதையால், அது எளிதில் உருகும், எளிதில் எரியும் என்பதை நம் குழந்தைகளும் அறிவர். பெங்களூரிலிருந்து மைசூர் செல்லும் வழியில் உள்ள சென்னபட்டணத்தில், கடைசல் பொறியில் சுழலும் மரத்தின்மேல் வண்ண அரக்கை அழுத்தி மெருகேற்றிய பொம்மைகளை இன்றும் செய்கின்றனர். பொறியின் சுழற்சியால் எழும் சூட்டிலேயே அரக்கு இளகி மரத்தைப் பற்றிக்கொள்ளும்.

சங்க இலக்கியமும் இதற்குச் சான்று பகர்கின்றது. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாத்தில் யாழ் செய்யும் திறம் கூறப்படுமிடத்தில், பத்தரைப் பசையிட்டுச் சேர்த்ததும், துளைகளில் ஆணி முடுக்கியதும் முறையே சொல்லப்படுகின்றன. புலவர் இசையை மட்டும் கேட்கவில்லை. இசைக்கருவி எவ்வாறு பிணைந்து நிற்கின்றது என்பதையும் நோக்கியிருக்கிறார். வடக்கே இமயமலைச் சாரலில் மரத்தாரே நேரடியாகப் பயன்பட்டது. தேவதாரு மரத்தைச் சுட்டு வடித்த கரிய எண்ணெயை, ஆறு கடக்க உதவும் காற்றடைத்த தோற்பைகளுக்குப் பூசினர். அது தோலில் நீர் ஏறாமல் காத்தது.

தமிழகக் கடற்கரைக்கு மரத்தார் கப்பலேறி வந்தது. புறநானூற்றின் 56-ஆம் பாடலில் நக்கீரர், பாண்டியன் இலவந்திகைப் பள்ளித் துஞ்சிய நன்மாறனை வாழ்த்துமிடத்து, யவனர் கொணர்ந்த மதுவைக் குறிப்பிடுகின்றார். அந்த மது கடல் கடந்து வந்தது இருபிடிகள் கொண்ட, கழுத்து நீண்ட மட்சாடிகளில். சுட்டமண் நுண்துளை உடையது. மாதக்கணக்கில் கடலில் கிடக்கும் மது அதன்வழியே கசிந்து வீணாகும். ஆதலின் சாடியின் உட்புறம் முழுவதும் பைன் மரத்தாரைப் பூசினர். அதன் மணம் மதுவிலும் ஏறிற்று. அதனையும் உரோமானியர் விரும்பினர். எண்ணெய் ஏற்றும் சாடிகளுக்குப் பொதுவாக இப்பூச்சு இடுவதில்லை, எண்ணெய் தாரைக் கரைத்துவிடுமாதலால். எனவே ஒரு சாடித் துண்டின் உட்புறத்தில் கரும்பூச்சு இருப்பின், அது சுமந்தது பெரும்பாலும் மதுவோ மீன்சாறோ என்று உய்த்துணரலாம்.

இச்சாடிகளுள் ஒன்றே தென்னிந்திய வரலாற்றின் காலக்கணக்கைத் திருத்திற்று. 1944-இல் தொல்பொருள் ஆய்வுத் துறையின் தலைவராகப் பொறுப்பேற்ற மார்ட்டிமர் வீலர், அவ்வாண்டே சென்னை அருங்காட்சியகத்தைப் பார்வையிட்டார். அங்கே ஓர் அலமாரியில் புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் கிடைத்த மட்கலத் துண்டு ஒன்று இருந்தது. அது மத்தியதரைக் கடல் நாட்டு மதுச்சாடியின் கழுத்தும் பிடியும் என்று அவர் கண்டுகொண்டார். உடனே புதுச்சேரிக்குச் சென்றார். 1945-இல் அரிக்கமேட்டை அகழ்ந்தார். இத்தாலியின் அரெஸ்ஸோ நகரத்துச் செந்நிற மட்கலத் துண்டுகள் அங்குக் கிடைத்தன. அவற்றின் காலம் ஐரோப்பாவில் திட்டமாக அறியப்பட்டது. ஆதலின் அவற்றோடு கிடந்த உள்நாட்டு மட்கலங்களின் காலமும் கி.பி. முதல் நூற்றாண்டை ஒட்டியது என்று துணிய முடிந்தது.

அந்தத் திறவுகோலை எடுத்துக்கொண்டு வீலர் மைசூர் நாட்டிற்கு வந்தார். 1947-இல் சித்திரதுர்க்க மாவட்டத்துப் பிரம்மகிரியிலும் சந்திரவல்லியிலும் அகழ்ந்தார். அரிக்கமேட்டில் காலம் கணிக்கப்பெற்ற உருளைக்கோட்டு மட்கலங்கள் சந்திரவல்லியிலும் கிடைத்தன. அவற்றைப் படியாகக் கொண்டு, கருநாடகத்துக் கற்கோடரிக் காலம், பெருங்கற் காலம், ஆந்திரர் காலம் என்னும் அடுக்குகளை அவர் வரிசைப்படுத்தினார். அவர் கூறிய ஆண்டுகளுட் சில பின்வந்த கரிமக் கணிப்புக்களால் மாறின. அரிக்கமேட்டின் தொடக்கமும் 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி நிகழ்த்திய அகழ்வாய்வால் முன்னோக்கித் தள்ளப்பட்டது. எனினும், தமிழ்க் கடற்கரையில் கிடைத்த சான்றே கருநாடக மேட்டுநிலத்தின் பழமைக்கு முதன்முதலாக ஆண்டுக்கணக்குத் தந்தது என்னும் உண்மை மாறவில்லை. இவ்விரு நாடுகளின் பழங்கதையும் ஒன்றை விட்டு ஒன்றைப் படிக்க முடியாதபடி பின்னியிருக்கின்றது. இங்கு வாழும் தமிழராகிய நாம் இதனை மகிழ்வோடு நினைவுகொள்ளலாம்.

சாடிக்குள் இருக்கும் கரும்பூச்சு வெறும் பிசினா, மரத்தாரா என்று அறிஞர் எவ்வாறு பிரித்தறிகின்றனர்? இதற்கு விடைகூறக் கருநாடகத்திலேயே ஒரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. 1923-இல் பத்ராவதியில் மைசூர் அரசு இரும்பாலையைத் தொடங்கியபோது, ஊதுலைக்கு வேண்டும் மரக்கரியைப் பெற மரத்தைக் காற்றின்றிச் சுடும் வடிசாலையையும் உடன் அமைத்தது. கரி உலைக்குச் சென்றது. மரத்தாரும் மெத்தில் சாராயமும் பிற பொருள்களும் துணைப்பொருள்களாகக் கிடைத்தன. சர் மோக்ஷகுண்டம் விசுவேசுவரய்யாவின் பெயரைப் பின்னர்த் தாங்கிய அவ்வாலை, குழித்தைலத்தின் தத்துவத்தையே பெருந்தொழிலாக நடத்திற்று எனலாம்.

பத்ராவதியில் குழாய்வழியே பிரித்தெடுத்த மெத்தில் சாராயம், பழங்காலச் சூளையில் பிரிக்கப்படாமல் ஆவியாக நின்று, பைன் பிசினில் உள்ள அமிலத்தோடு கூடி ஒரு புதிய சேர்மத்தை உண்டாக்கும். பிசினை மட்டும் உருக்கினால் அச்சேர்மம் தோன்றாது. மரத்தையும் சேர்த்துச் சுட்டால்தான் தோன்றும். ஆகவே பூச்சின் மிகச்சிறு துகளை எடுத்து, ஆவியாக்கி, கூறுகளைத் தனித்தனியே பிரித்து நிறுத்துக் காட்டும் கருவியில் செலுத்தி, அச்சேர்மம் தென்படுகின்றதா என்று பார்க்கின்றனர். தென்பட்டால் அது மரத்தார். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் எங்கோ ஒரு காட்டில் எரிந்த சூளையின் செய்தியை, கடுகளவு துகள் நமக்கு உரைத்துவிடுகின்றது.

இத்தகைய துகள்கள் பல, அறியாமையால் அழிந்தன. மட்கலத்தைத் தோண்டி எடுத்தவுடன் தொட்டியிலிட்டுத் துலக்கி, வண்ணமும் வடிவமும் தெரியும்படி வைப்பது பழைய வழக்கம். உட்புறக் கருமை அழுக்கென்று போயிற்று. கற்சில்லின் ஓரத்துக் கறையும் அவ்வாறே போயிற்று. இன்று அகழ்வாய்வாளர் சில துண்டுகளையேனும் கழுவாமல், கைபடாமல், மண்ணோடு பொதிந்து ஆய்வுக்கூடத்திற்கு அனுப்புகின்றனர்.

இஃது அறிஞர்க்கு மட்டும் உரிய செய்தியன்று. பெங்களூரைச் சுற்றியுள்ள நிலம் பழமை செறிந்தது. ஹொசகோட்டை வட்டத்து ஜடிகேனஹள்ளியில் 1957-ஆம் ஆண்டு பேராசிரியர் ம. சேஷாத்திரி பெருங்கற்காலக் கல்லறைகளை அகழ்ந்தார். சாவனதுர்க்க மலையடியிலும் அத்தகைய கல்லறைகள் உள்ளன. நகரமோ ஆண்டுதோறும் வயல்களையும் ஏரிக்கரைகளையும் விழுங்கிப் பரவுகின்றது. வீட்டுக்குக் கடைக்கால் தோண்டுவோரும், மனை வாங்குவோரும், மேற்பார்வை செய்வோரும் நம்மவருள் பலர் உளர். தமிழகத்தில் சொந்த ஊரில் நிலம் உள்ளோர்க்கும் இது பொருந்தும். தோண்டுமிடத்தில் பழம் பானையோ, தாழியோ, கற்கருவியோ தலைகாட்டினால் வேலையைச் சற்று நிறுத்துக. அதனைக் கழுவற்க, சுரண்டற்க, எண்ணெயிட்டு மெருகேற்றற்க. உள்ளிருக்கும் மண்ணைக் கொட்டாமல், கிடந்த இடத்தையும் ஆழத்தையும் குறித்துக்கொண்டு, வட்டாட்சியர்க்கோ தொல்பொருள் துறைக்கோ தெரிவிக்குக. பானை உடைந்ததாயினும் இழப்பில்லை. அதன் வயிற்றில் ஒட்டிய கரும்படலம் அப்படியே இருந்தால், ஆய்வாளர்க்கு அதுவே போதுமானது.